பழைய காரில் எலக்ட்ரிக் பெட்ரோல் பம்பை எங்கே பொருத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. தருமபுரியில் வீட்டு வாசலில், வேப்ப மரத்தடியில் நிற்கிறது. டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பும் எலக்ட்ரிக் பம்பை அதில் மாட்டிய நாளிலிருந்து அம்பாசடர், ஹெரால்டு, மோரிஸ் மைனர், பழைய ஜீப் என்று வைத்திருப்பவர்கள் எல்லாரும் வந்து கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. ஒரு முறை தப்பான இடத்தில் மாட்டி, கழற்றி, மறுபடியும் மாட்டியவன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எங்கே மாட்ட வேண்டும்?

டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழவோ, சைலன்சர் குழாய் போகாத பக்கமாக, கல்லும் சேறும் நேராக வந்து அடிக்காத ஒரு மறைவில். அவசரக்காரர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒயர் இணைப்பு பற்றிய பகுதியை மட்டும் படிக்காமல் போகாதீர்கள்.

இன்ஜின் அறையிலேயே இடம் இருக்கிறதே, அங்கே மாட்டினால் என்ன?

முதல் முறை நானும் அங்கேதான் மாட்டினேன். பானெட்டைத் திறந்தால் கைக்கு எட்டும் இடம், பின்சுவரில் இரண்டு திருகு, பக்கத்திலேயே மின் இணைப்பு. அரை மணி நேர வேலை. மாசி மாதம் வரை ஒரு குறையும் இல்லை.

சித்திரையில் சேலத்தில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் இரண்டு மணி வெயிலில் திரும்பினோம். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இரண்டு சரக்கு லாரிகள் பக்கம் பக்கமாக, ஒன்றையொன்று முந்துவதாக நினைத்துக்கொண்டு, சாலையை அடைத்தபடி ஊர்ந்தன. அவற்றின் பின்னால் நானும் இரண்டாம் கியரில் ஊர்ந்தேன். வண்டி இரண்டு முறை விக்கியது, பிறகு அணைந்தது. சாவியைத் திருப்பினால் பம்பு மட்டும் தறிகெட்டு அடித்துக்கொண்டது. பம்புக்கு முன்னால் மாட்டியிருந்த கண்ணாடி ஃபில்டரைப் பார்த்தேன். பெட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் சோடா பாட்டில்போலக் குமிழிகள். பம்பின் மேல் விரல் வைக்க முடியவில்லை. மனைவி ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தாள். அதைச் சுற்றி வைத்துவிட்டு இருபத்தைந்து நிமிடம் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம்.

டிரைவர்கள் இதை ‘ஏர் லாக்’ என்பார்கள். உள்ளே இருப்பது காற்றில்லை, பெட்ரோலின் ஆவி. பெட்ரோல் தண்ணீரைப்போல ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் பொருள் இல்லை; பல எண்ணெய்களின் கலவை. அதிலுள்ள மிக இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். சித்திரையில் நம் ஊர் நிழலிலேயே அந்த வெப்பம் இருக்கிறது. பானெட்டுக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, முன்னால் இருக்கும் பம்பு பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பத்தடிக் குழாய் வழியாக உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். ஆவி உள்ளே வந்துவிட்டால் பம்புக்குப் பிடிமானம் இல்லை. வெறுமனே அடித்துக்கொண்டே இருக்கும்.

அதே பம்பை டேங்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டேங்கிலிருந்து பெட்ரோல் தானாகவே பம்புக்குள் இறங்குகிறது. அங்கிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் வரை முழு நீளமும் தள்ளப்படும் பெட்ரோல், அதாவது அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் கொதிக்கிறதே, அதே கணக்கு. மறுவாரம் என் புலம்பலைக் கேட்ட பட்டறைக்காரர் ஒரே வரியில் முடித்தார்: “பம்பு தள்ளும் தம்பி, உறிஞ்சச் சொல்லாதீர்கள்.” இந்த வகைச் சிறிய பம்புகள் காய்ந்த நிலையில் மாடலைப் பொறுத்து ஒன்று முதல் மூன்றடி உயரம்வரைதான் உறிஞ்சும். தள்ளுவது என்றால் காரின் முழு நீளமும் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை.

ஓசூருக்கு ஏறிப்போகும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு உண்டு. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் முழு மூச்சோடு ஏறி முடிக்கும் இடத்தில்தான் பெட்ரோலும் எளிதாக ஆவியாகும்.

மோரிஸ் மைனரில் கம்பெனியே பம்பை இன்ஜின் பக்கம்தானே வைத்தது?

உண்மை. அந்தக் காரில் எஸ்.யு. பம்பு பானெட்டுக்குள், பின்சுவரில்தான் இருக்கும். அது முன்னால் இருந்து உறிஞ்சுவதற்கென்றே வடிவமைத்த குறைந்த அழுத்த வகை. பெரிய டயாபிரம் (அசைந்து பெட்ரோலைத் தள்ளும் சவ்வு), மெதுவான அடி. அதே எஸ்.யு. நிறுவனம் பின்னால் டேங்கருகே வைப்பதற்கு வேறொரு வகையைச் செய்தது, எம்.ஜி.பி. காரில் அது பின் அச்சுக்கு முன்னால் இருக்கும். எனவே அசல் எஸ்.யு. பம்பு நல்ல நிலையில் இருக்கும் மைனர்காரர்கள் எதையும் நகர்த்த வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் இன்றைய சதுரப் பம்பை வாங்கி அதே இடத்தில் மாட்டும்போதுதான் சிக்கல் வருகிறது. இடம் பழையது, பொருள் புதியது.

எனக்கு எலக்ட்ரிக் பம்பு உண்மையில் தேவையா?

பாதிப் பேருக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம். இன்ஜின் பக்கவாட்டில் கேம் ஷாஃப்டால் இயங்கும் பழைய பம்பில் டயாபிரமும் வால்வும் மாற்றினால் பல வண்டிகள் சரியாகிவிடும். செலவும் குறைவு. ஒரு மணி நேரத்தில் 80 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு மணிக்கு எட்டு லிட்டர்தான் வேண்டும். இதைக் கொடுக்க முடியாத அளவுக்குப் பழைய பம்புகள் மோசமில்லை.

வண்டி வாரக்கணக்கில் நிற்குமானால் எலக்ட்ரிக் பம்பு வசதிதான். கார்புரேட்டர் கிண்ணத்தில் காய்ந்துபோன பெட்ரோலைச் சாவி திருப்பிய சில நொடிகளில் நிரப்பிவிடும்; பேட்டரி தீரும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டாம். டீக்கடையில் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் வண்டி கிளம்ப மறுக்கிறது என்பவர்களுக்கு இது பாதி மருந்து. அங்கே கொதிப்பது பெரும்பாலும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல். கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த பேக்லைட் துண்டும் வெப்பத்தடுப்புத் தகடும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எப்போதோ கார்புரேட்டரைக் கழற்றிய யாரோ ஒருவர் அவற்றைத் திருப்பி மாட்டாமல் போயிருப்பார்.

காருக்கு அடியில் சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் சாக்கட்டியோடு அடியில் படுத்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

முதலில் சைலன்சர் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள். குறைந்தது ஓரடி இடைவெளியாவது வேண்டும். அடுத்து, டேங்கிலிருந்து குழாய் வெளியே வரும் இடத்திலிருந்து ஒன்றரை அடிக்குள் தட்டையான, கெட்டியான தகடு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். டேங்கின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ சற்றுத் தாழவோ இருக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்காகக் காரின் மிகத் தாழ்ந்த பொருளாகப் பம்பு தொங்கக் கூடாது. காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புக்குள் போகும் மண் பாதையில் நடுமேடு ஒன்று இருக்கும். அது முதலில் எதைத் தொடுமோ அதற்குக் குறைந்தது நான்கு விரற்கடை மேலே பம்பு இருக்க வேண்டும். குவாரி லாரிகள் ஜல்லி சிந்திப்போகும் சாலைகளில் ஓட்டுபவர்கள் முன்பக்கமாக ஒரு சிறு தகட்டை மறைப்பாக மாட்டிக்கொள்வது நல்லது. பின்சக்கரம் வாரி இறைக்கும் நேர்கோட்டிலும் வேண்டாம்.

பலர் மறந்துபோவது பின் அச்சின் ஆட்டத்தை. கார் காலியாக நிற்கும்போது அச்சுக்கும் தரைத்தகட்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் தெரியும். என் பத்மினியில் அப்படி ஓர் இடத்தைத்தான் முதலில் சாக்கட்டியால் வட்டமிட்டேன். பிறகு ஒரு சந்தேகத்தில் மைத்துனரையும் அவருடைய இரண்டு மகன்களையும் பின் சீட்டில் உட்காரவைத்து, டிக்கியில் இரண்டு அரிசி மூட்டைகளையும் ஏற்றினேன். பட்டை ஸ்பிரிங் தட்டையாகி, அச்சு என் வட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வந்து நின்றது. ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தால் பம்பு அப்பளம்தான்.

துளை போடுவதற்கு முன் தகட்டின் மறுபுறம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிரேக் குழாய், ஒயர், சில வேளைகளில் டேங்கேகூட இருக்கலாம். பம்பை ரப்பர் புஷ் வைத்து மாட்டுங்கள். இல்லாவிட்டால் தரைத்தகடு தவில்போல அதன் அடியைப் பெருக்கிக் காட்டும். வெளியேறும் வாய் மேல்நோக்கி இருப்பது பெரும்பாலான பம்புகளுக்கு நல்லது, ஆவிக்குமிழி தங்காது. உங்கள் பம்போடு வந்த தாளில் சாய்வு குறிப்பிட்டிருந்தால் அதுவே சட்டம்.

டிக்கிக்குள் வைக்கலாமா? மழை, சேறு எதுவும் படாதே.

வேண்டாம். ஓர் இணைப்பு கசிந்தால் ஆவி டிக்கியில் தேங்கி, பின் சீட்டின் இடுக்கு வழியாக உள்ளே வரும். அடியில் கசிந்தால் காற்றில் போய்விடும், தரையில் ஈரமும் கண்ணுக்குத் தெரியும்.

டேங்க் பின்னால் இல்லாத வண்டிகளுக்கு?

விதி மாறாது, இடம் மட்டும் மாறும். பழைய வில்லீஸ் வகை ஜீப்பில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். பக்கத்திலேயே சேஸ் சட்டம் கெட்டியாக இருக்கிறது, அதன் உட்புறம் போதும். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால். எனவே பம்பு முன்னால். ‘பம்பு பின்னால்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் பீட்டிலில் இன்ஜின் பக்கம் மாட்டிவிட்டு வந்து நிற்பார்கள். ஹெரால்டில் டேங்க் டிக்கிக்குள்ளேயே இடது பக்கம் இருக்கிறது. குழாய் கீழே இறங்கியதும் சேஸ் சட்டத்தில் மாட்டுங்கள்.

எத்தனை பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) பம்பு வாங்குவது?

பழைய கார்புரேட்டருக்கு 2 முதல் 3 பி.எஸ்.ஐ. போதும். 4 முதல் 7 என்று அச்சிட்ட பெட்டிகள் கடையில் நிறைய இருக்கின்றன. அந்த அழுத்தம் கார்புரேட்டரின் ஊசி வால்வைத் தள்ளித் திறந்து, கிண்ணம் வழிந்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கொட்டும். அப்படிப்பட்ட பம்பு ஏற்கெனவே கையில் இருந்தால் கார்புரேட்டருக்கு அருகில் ஒரு ரெகுலேட்டர் மாட்டி, அளவுமானியை வைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ரெகுலேட்டரின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாதீர்கள்.

இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களின் டேங்க் பம்பைக் காயலான் கடையில் மலிவாக வாங்கி மாட்டலாமா என்று போன மாதம்கூட ஒருவர் கேட்டார். அவை 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளுபவை. கூடவே கூடாது.

பழைய பம்பை அப்படியே விட்டு, அதன் வழியாகவே பெட்ரோலை அனுப்பலாமா?

அனுப்பலாம், ஓடும். ஒரு நாள் பழைய டயாபிரம் கிழியும். கிழிந்ததும் பின்னாலிருந்து தள்ளும் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் நீர்த்து பேரிங் போகும், தீப்பற்றும் ஆபத்து வேறு. குழாயைப் பழைய பம்பைத் தொடாமல் கொண்டுபோங்கள். பம்பைக் கழற்றிவிட்டு அந்தத் துளையைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து மூடலாம். அல்லது அழகுக்காகக் குழாய் இல்லாமல் அங்கேயே விடலாம். நான் கழற்றி, டயாபிரம் மாற்றி, டிக்கியில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

ஃபில்டர், ஓஸ் எல்லாம்?

பம்புக்கு முன்னால் கண் பெரிய வலை ஃபில்டர் ஒன்று. நுண்ணிய காகித ஃபில்டரை பம்புக்குப் பின்னால், கார்புரேட்டர் பக்கம் வையுங்கள். இடம் மாற்றி வைத்தால் பம்பு உறிஞ்ச முடியாமல் திணறும். பிறகு டேங்க் பக்கம் மாட்டியதன் பயனே போய்விடும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம்வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊதவைக்கும், உள்ளே பல ஆண்டுகளாகப் படிந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவரும். எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும் என்றாலும், சிறிய அளவில் பெட்ரோலோடு கலக்கும்போது கலவை சுலபமாக ஆவியாகிறது. பிசின் கரைந்து வருவதால், புதிய பம்பு மாட்டிய முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஃபில்டரை இரண்டு முறையாவது பாருங்கள். ரப்பர் ஓஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பைக்குக்குப் போடும் நிறமற்ற பிளாஸ்டிக் குழாய் பார்க்க அழகு. ஒரே கோடையில் விறைத்து வெடிக்கும். நீளமான பகுதி முழுக்க உலோகக் குழாயாகவும், இரு முனைகளில் மட்டும் ரப்பராகவும் இருக்கட்டும்.

ஒயர் இணைப்பு எப்படி?

இதைத்தான் எல்லாரும் கடைசியில் அவசரமாக முடிக்கிறார்கள். பழைய பம்பு இன்ஜின் நின்றால் தானும் நின்றுவிடும். எலக்ட்ரிக் பம்பு அப்படியில்லை. கார் மோதிக் குழாய் அறுந்து, டிரைவர் மயங்கிக் கிடந்தாலும், சாவி திறந்திருக்கும்வரை அது பெட்ரோலை இறைத்துக்கொண்டே இருக்கும்.

எனவே இக்னிஷனிலிருந்து ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), 5 ஆம்பியர் ஃபியூஸ், அதோடு மோதினால் இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச் ஒன்று. ஃபோர்டு கார்கள் பலவற்றில் இந்த ஸ்விட்ச் இருந்ததால் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக இணைப்பது இன்னொரு முறை. அதில் ஒரு பொறி உண்டு: டேஷ்போர்டு சிவப்பு விளக்குக்கான சாதாரண ஸ்விட்ச் பிரஷர் இல்லாதபோதுதான் மின்சாரத்தை விடும். அதில் பம்பை இணைத்தால் இன்ஜின் ஓடும்போது பம்பு நிற்கும், நின்றபோது ஓடும்! இதற்கென்று தனி ஸ்விட்ச் வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்கு ஒரு மாற்று வழியும் வேண்டும். எனக்கு அந்தத் தலைவலி வேண்டாமென்று மோதல் ஸ்விட்சோடு நிறுத்திக்கொண்டேன்.

எர்த் ஒயரைத் தனியாகக் கொடுங்கள். ரப்பர் புஷ்ஷில் மாட்டிய பம்புக்குத் தகடு வழியாக எர்த் கிடைக்காது. நேராக மாட்டினாலும் இரண்டு மழைக்காலத் துரு போதும் அதை அறுக்க.

என் வண்டி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது). பரவாயில்லையா?

எலக்ட்ரானிக் பம்புகள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்கானவை; மாற்றி இணைத்தால் கருகும். பாசிட்டிவ் எர்த் என்று தெளிவாகப் போட்டதையே வாங்குங்கள். 6 வோல்ட் வண்டியானால் அதற்குரியது.

தரைப்பாலத்தில் தண்ணீர் போகும்போது?

தென்பெண்ணையில் வெள்ளம் வந்தால் எந்த வண்டியையும் இறக்க வேண்டாம். முழங்கால் அளவுக்கும் குறைவான தண்ணீரில் மூடிய பம்பு ஒன்றும் ஆகாது. ஒயர் முனைகள்தான் கெடும். கிரீஸ் தடவி, ரப்பர் உறை போடுங்கள்.

பொருத்தியாயிற்று. எப்படிச் சோதிப்பது?

திறந்தவெளியில், இன்ஜின் ஆறிய பிறகு, இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் முனைக் குழாயை எடுத்து ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், பீடி குடிக்கும் நண்பர் தெருமுனையில் இருக்கட்டும். பம்பை ஒரு நிமிடம் ஓடவிட்டால் அரை லிட்டர் வந்தாலே மணிக்கு முப்பது லிட்டர், தேவைக்கு மூன்று மடங்குக்கு மேல். ஒரு விஷயம்: பம்பு டேங்குக்குக் கீழே இருப்பதால், எந்தப் பழுதுக்கும் அதன் குழாயைக் கழற்றினால் டேங்க் முழுவதும் உங்கள் சட்டைக்குள் இறங்கும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் மூடித் திறக்கும் குழாய் ஒன்றை வைத்துவிடுங்கள். சரிவில் மூக்கு கீழாக நிறுத்தும் பழக்கமிருந்தால் இரவில் அதை மூடிவிடுவதும் நல்லது.

டிக் டிக் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறதே?

கேட்கட்டும். சாவி திருப்பியதும் வேகமாக அடித்து, கிண்ணம் நிரம்பியதும் தளர்ந்து மெதுவாகிவிட வேண்டும். இன்ஜின் ஓடாமலே வேகம் குறையாவிட்டால் டேங்க் காலி, அல்லது உறிஞ்சும் பக்கம் காற்று இழுக்கிறது, அல்லது எங்கோ பெட்ரோல் கசிகிறது. உடனே சாவியை அணைத்துவிட்டு இறங்கிப் பாருங்கள். என் மனைவிக்கு இப்போது அந்தச் சத்தம் அத்துப்படி. போன சித்திரையில் தொப்பூர் ஏற்றத்தில் பின் சீட்டிலிருந்தபடியே, “வேகமாக அடிக்கிறது, பெட்ரோல் போட்டீர்களா?” என்று கேட்டாள். போட்டிருக்கவில்லை.